பெருநாளும் சிவப்புக் காரும் நாலு வயதுப் பிள்ளையும்



கொஞ்சம் நீளமான பதிவு. நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள் நடந்த விசயம் இது. எழுதுவதா விடுவதா என்று இரண்டு மாதமாக வைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது, திரும்பவும் வெளியூர்க் கார்கள் ஊருக்குள் வரத் தொடங்கும். அதனால்தான் இன்றைக்கு எழுதுகிறேன். தங்கச்சியிடம் கேட்டேன், "எழுதுங்க காக்கா" என்றாள். கார் ஓட்டிய தம்பியிடமும் கேட்டேன். "போடுங்க சேர், பேர மட்டும் போடாதீங்க" என்றான். ஆகவே பெயர்கள் இல்லை. யார் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து கொமன்டில் டேக் பண்ண வேண்டாம்.

தங்கச்சியின் மகனுக்கு நாலு வயது. கார்ப் பைத்தியம். வாப்பா வாங்கிக் கொடுத்தது, மாமா வாங்கிக் கொடுத்தது, சுன்னத்துக் கலியாணத்துக்கு வந்தது என்று வீட்டில் முப்பது நாற்பது விளையாட்டுக் கார் இருக்கும். எல்லாவற்றையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக நிறுத்தி வைப்பான். ஒன்று இடம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவான். வீதியில் போகிற வாகனத்தின் சத்தத்தை வைத்து அது வேனா லொறியா என்று சொல்வான். எனக்கே அது தெரியாது.

அவனுடைய சாச்சா, அதாவது மச்சானின் தம்பி, துபாயில் வேலை. என்னிடம் படித்தவன். நல்ல பிள்ளை. மூன்று வருடத்துக்குப் பிறகு பெருநாளைக்கு லீவில் வந்தான். வந்தவன் கூட்டாளிமார் நாலு பேருடன் காசு சேர்த்து, கொழும்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தான். சிவப்பு நிறம். இரண்டு கதவு, இரண்டே இரண்டு சீட். கம்பெனிப் பெயரைச் சொன்னால் அதன் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வேண்டாம்.

கார் எங்கட தெருவுக்குள் வந்தபோது பெருநாள் ஊர்வலம் வந்த மாதிரி இருந்தது. அதில் பிழை சொல்லவும் முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனத்துக்கு அது திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து வருடமாகப் பழைய வாகனத்துக்கே தங்க விலை. சைக்கிள் விலை கேட்டாலே தலை சுற்றிய காலத்தில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். அப்படியொரு தெருவில் இப்படியொரு கார் வந்து நின்றால் பெரியவர்களே வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். நானும் வெளியில் வந்தேன். பொனட்டில் கை வைத்துப் பார்த்தேன். ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். அதை மறைக்கவில்லை.

மருமகன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஒரு சொல் பேசவில்லை. அவ்வளவு பேசுகிற பிள்ளை வாயைத் திறக்காமல் நின்றான். சாச்சா "வாறியா?" என்று கேட்டதும் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

தங்கச்சி வாசலில் நின்று சொன்னாள்: "முன்னுக்கு வெக்காதீங்க. பின்னுக்கு சீட் இல்லாத கார் பிள்ளைக்கு என்னத்துக்கு?"

யாரும் காதில் எடுக்கவில்லை. மாமி சிரித்தார். மச்சான் "ஒரு ரவுண்டுதானே" என்றார். நான் என்ன செய்தேன்? பிள்ளையைத் தூக்கிக் கதவுக்குள்ளால் கொடுத்தேன். பக்கத்து சீட்டில் இருந்த கூட்டாளியின் மடியில் வைத்தேன். "கவனமாப் புடிச்சிக்கங்க" என்றும் சொன்னேன். இருபத்திரண்டு வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள், தரம் 10 பிள்ளைகளுக்கு விசையும் உந்தமும் வெண்கட்டித் தூள் பறக்கப் படிப்பிக்கிற ஆள் இதைச் செய்தேன்.

பத்து நிமிசத்தில் வட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. பத்தொன்பது செக்கன். பின்னால் பாட்டு, முன்னால் ஸ்பீட் காட்டுகிற முள், நடுவில் பிள்ளையின் முகம். அவன் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கப் பார்க்கிறான், "இன்னும், இன்னும்" என்கிறான். எல்லோரும் இதயம் போட்டார்கள். நானும் போட்டேன்.

அதற்குப் பிறகு வந்த அழைப்பு வைத்தியசாலையில் இருந்து.

இரண்டு பக்கமும் வயல் வருகிற நேர் ரோட்டு எங்கட பகுதியில் எது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் எல்லாருக்கும் கால் அழுத்தும். அசர் தொழுகை முடிந்த நேரம், மாடுகள் வயலில் இருந்து ஏறுகிற நேரம். ஒரு கன்று வீதிக்கு ஏறியிருக்கிறது. தம்பி பிரேக்கை மிதித்தான். கார் நின்றது. மாட்டில் படவில்லை, எதிலும் மோதவில்லை, காரில் ஒரு கீறல் கூட இல்லை. ஆனால் பிள்ளை மடியில் இருந்து வழுகி வாய் டாஷ்போர்டில் அடிபட்டது. முன் பல் இரண்டு போனது. மேல் உதட்டில் மூன்று தையல். நெற்றியில் வீக்கம், ஒரு இரவு வார்டில் வைத்துப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், வேறொன்றும் இல்லை.

நான் போனபோது இரத்தம் தோய்ந்த பெருநாள் உடுப்போடு கட்டிலில் இருந்தான். பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "மாமா, கார் உடைஞ்சிட்டா?"

ஊரில் அடுத்த நாள் என்ன பேசினார்கள் தெரியுமா? இரண்டு பேச்சு. ஒன்று, கண்ணூறு. வீடியோ போட்டதால் கண் பட்டுவிட்டது. மற்றது, "உம்மாக்காரி எங்க இருந்தவ? பாத்துக்கொண்டா இருந்தவ?" ஆம், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். தடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள் நாலு ஆம்பிளைகள், எங்களை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பள்ளிவாசலில் எனக்குச் சலாம் சொல்லி, பிள்ளையின் சுகம் விசாரித்து, "பொம்புளையள் கொஞ்சம் கவனமா இரிக்கணும் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஒரு பெரியவர். நான் பதில் சொல்லவில்லை. அதையும் சேர்த்துத்தான் இப்போது எழுதுகிறேன்.

"எல்லாம் அல்லாஹ்ட நாட்டம்" என்றும் சொன்னார்கள். அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டுவது பற்றிய ஹதீஸ் நமக்கெல்லாம் மனப்பாடம். மாடு கன்றைக் கட்டுகிறோம், தோணியைக் கட்டுகிறோம், மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறோம். பிள்ளையைக் கட்டச் சொன்னால் மட்டும் தவக்குல் ஞாபகம் வருகிறது.

இனிக் கொஞ்சம் வகுப்பறை. பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கதோசம்.

"மடியில இறுக்கிப் புடிச்சிக்கிட்டிருந்தா என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். பிள்ளையின் நிறை 16 கிலோ என்று வைப்போம். கார் 50 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. எங்கட சந்தையடியில் முச்சக்கரவண்டியும் ஓடுகிற வேகம். அது எதிலாவது மோதி, முன்பக்கம் நசுங்கி, அரை மீற்றர் தூரத்துக்குள் நிற்கிறது. அந்தக் கணத்தில் பிள்ளை முன்னுக்குப் பாய்கிற விசை அவனுடைய நிறையைப் போல் இருபது மடங்கு. முந்நூறு கிலோவுக்கு மேல். ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஆறு. உங்களில் யார் ஆறு மூட்டையை இரண்டு கையால் பிடிப்பீர்கள்? ஆலையில் மூட்டை தூக்குகிற தம்பிமாரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். 80இல் அதே அரை மீற்றருக்குள் நின்றால் பதினாறு மூட்டை.

எங்களுக்கு நடந்தது மோதல் கூட இல்லை. வெறும் பிரேக். கடுமையாகப் பிரேக் போட்டால் பிள்ளையை முன்னுக்குத் தள்ளுகிற விசை அவனுடைய சொந்த நிறையை விடக் குறைவு. பத்துப் பன்னிரண்டு கிலோ. அதையே அந்தக் கூட்டாளியால் பிடிக்க முடியவில்லை. அவன் பலமில்லாதவன் இல்லை, கிரிக்கட்டில் வேகப்பந்து போடுகிறவன். எதிர்பாராத நேரத்தில் கை அப்படித்தான். ஒரு கையில் போனும் இருந்தது.

சரி, மடியில் வைத்து இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெல்ட் போட்டால்? அது இன்னும் மோசம். பெரிய ஆளின் எழுபது கிலோவும் பின்னால் இருந்து வந்து பிள்ளையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும். பெல்ட்டைத் தனியாகப் பிள்ளைக்குப் போட்டால்? பெரியவர்களின் தோளுக்கும் இடுப்புக்கும் அளவெடுத்த பெல்ட் அது. நாலு வயதுப் பிள்ளைக்குக் கழுத்திலும் வயிற்றிலும் வந்து நிற்கும். அதற்காகத்தான் பிள்ளைகளுக்கென்று தனி சீட் செய்கிறார்கள். பிள்ளையின் தலை உடம்பைப் பார்க்கப் பெரியது, கழுத்து மெலிந்தது. அதைக் கணக்கில் எடுத்துச் செய்த சீட்.

எயார் பேக்கை நம்மில் பலர் தலையணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கண் இமைக்கிற நேரத்துக்குள் வெடித்து விரிகிற சாமான் அது. பெல்ட் போட்டு, சாய்ந்து, தள்ளியிருக்கிற பெரிய ஆளுக்காகச் செய்தது. டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் முகத்துக்கு நேரே அது விரிந்தால்? அன்றைக்கு அந்தக் கன்றுக்குட்டியில் மோதியிருந்தால் இந்தப் பதிவு வேறு மாதிரி இருந்திருக்கும். இரண்டு மாதமாக இரவில் எனக்கு நித்திரை வராமல் பண்ணுகிறது அந்த ஒரு நினைப்புத்தான்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஜப்பான் கார் இருந்தால் இன்றைக்கே போய் முன்சீட்டுக்கு மேலே இருக்கிற சன் வைசரை இறக்கிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஜப்பான் எழுத்து விளங்காவிட்டாலும் படம் விளங்கும். குழந்தை சீட், எயார் பேக், மேலே குறுக்குக் கோடு. வருடக்கணக்காக நம் கண்ணுக்கு முன்னால் இருக்கிற படம். பின்சீட்டில் முதுகும் இருக்கையும் சேருகிற இடுக்குக்குள் விரலை விட்டுப் பாருங்கள், பல கார்களில் இரும்பு வளையம் தட்டுப்படும். பிள்ளை சீட்டைக் கொழுவுவதற்கான வளையம். ஜப்பானில் ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பிள்ளை சீட் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது என்ற சட்டம் 2000 ஏப்ரலில் வந்தது. அந்த நாட்டில் ஓடிய காரை இவ்வளவு தூரம் கப்பலேற்றிக் கொண்டுவந்து, அந்த வளையத்துக்குள் பேரீச்சம்பழக் கொட்டையும் ஐந்து ரூபாய்க் குற்றியும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

இப்போது இந்தப் பதிவை எழுத வைத்த விசயத்துக்கு வருகிறேன்.

வைத்தியசாலை வராந்தாவில் தம்பி சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தான். நான் ஏசத்தான் போனேன். பக்கத்தில் போய் நின்றதும் அவனே தொடங்கினான். துபாயில் அவனுக்கு வேலை வீட்டு டிரைவர். முதலாளியின் சின்ன மகனைத் தினமும் காலையில் நேர்சரிக்குக் கொண்டுபோய் விடுவது அவன்தான்.

"டெய்லி காலையில அந்தப் புள்ளய நாந்தான் சேர் சீட்டுல கட்டுற. கொழுக்கி விழுந்த சத்தம் கேக்காம காரக் கிளப்ப மாட்டன். சத்தம் கேட்டாலும் இழுத்துப் பாத்துட்டுத்தான் எடுப்பன்."

அவ்வளவுதான் சொன்னான். மீதியை நான் சொல்ல வேண்டிய தேவையில்லை, அவனுக்கே விளங்கித்தான் அழுதான். எமிரேட்ஸில் நாலு வயது வரைக்கும் பிள்ளை சீட் கட்டாயம், இல்லாவிட்டால் 400 திர்ஹம் தண்டம். பத்து வயதும் 145 சென்ரிமீற்றர் உயரமும் வராத பிள்ளை முன்சீட்டில் இருக்க முடியாது. இதெல்லாம் அவனுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். தெரிந்த ஆள், பயிற்சி உள்ள ஆள், மூன்று வருடத்தில் அங்கே ஒரு விபத்துக் கூட இல்லாத ஆள். மத்தள விமான நிலையமோ கட்டுநாயக்கவோ, விமானத்தில் இருந்து இறங்கியதும் அந்த அறிவு எங்கே போகிறது? வெளிநாட்டில் இருந்து வருகிற நம் பிள்ளைகள் எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன். அங்கே சிவப்பு விளக்கில் நிற்கிறீர்கள், பாதசாரிக் கடவையில் நிற்கிறீர்கள், பெல்ட் போடுகிறீர்கள். தண்டத்துக்குப் பயந்துதான் என்றால் அந்தப் பயத்தில் கொஞ்சத்தை ஊருக்கும் கொண்டுவாருங்கள். சொக்கலேட்டோடு சேர்த்து.

இங்கே என்ன இருக்கிறது? முன்சீட்டில் பெல்ட் கட்டாயம் என்று 2011இல் வந்தது. பொலிஸைக் கண்டதும் பெல்ட்டை இழுத்து நெஞ்சில் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விடுகிற ஊர் இது. கொழுவுவதும் இல்லை, சும்மா பிடித்துக்கொள்வது. சட்டம் போட்டு நம்மைத் திருத்த வேண்டுமானால் பொலிஸ்காரர் ஒவ்வொரு வீட்டிலும் பாய் போட்டுப் படுக்க வேண்டும்.

சிலர் சொல்வார்கள், நாங்களெல்லாம் அப்படித்தானே வளர்ந்தோம் என்று. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். வாப்பாவின் கூட்டாளி ஒருவரிடம் ஒரு மொரிஸ் மைனர் இருந்தது. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊருக்கே அதுதான் ஹயர். முன்சீட் இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, சாரதியின் தோளைப் பிடித்துக்கொண்டு போவேன். அந்தப் பெற்றோல் மணமும் ரெக்சீன் மணமும் இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது. அதை விட இனிப்பான ஞாபகம் எனக்குக் குறைவு. ஆனால் அந்தக் கார் இறக்கத்தில் போனாலும் அறுபதைத் தொடாது. வீதியில் மாட்டு வண்டியும் சைக்கிளும்தான். இன்றைக்கு அதே வீதியில் காபட் போட்டிருக்கிறது, கார் ஐந்து ஆறு செக்கனில் நூறைத் தொடுகிறது. மாடு மட்டும் பழைய வேகத்தில்தான் ரோட்டைக் கடக்கிறது.

தரம் 10 பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 40இல் போகிறவன் கன்றைக் கண்டு, ஒரு செக்கனில் காலை எடுத்துப் பிரேக்கை மிதித்தால் நிற்க ஏறக்குறைய 20 மீற்றர் வேண்டும். 80இல் போகிறவனுக்கு கிட்டத்தட்ட 60 மீற்றர். வேகம் இரண்டு மடங்கு, தூரம் மூன்று மடங்கு. "சேர், ஸ்போர்ட்ஸ் காருக்குப் பிரேக் நல்லம்தானே?" என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பிரேக் நல்லதுதான். பிரேக் எவ்வளவு நல்லதோ அவ்வளவு வேகமாகக் கார் நிற்கும், அவ்வளவு வேகமாகக் கட்டாத பிள்ளை பறக்கும். நம் மருமகனின் பல் போனது பிரேக் வேலை செய்ததால்தான்.

பிறகு அதே வகுப்பில் இன்னொன்று கேட்டேன். யாரெல்லாம் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் டாங்கியில் இருந்து வளர்ந்தீர்கள்? கிட்டத்தட்ட எல்லாக் கையும் உயர்ந்தது. இப்போது யாரெல்லாம் தம்பி தங்கச்சியை அப்படி வைத்து ஓடுகிறீர்கள்? அதற்கும் பாதிக் கை உயர்ந்தது, சிரிப்போடு. ஒருவனுக்கும் லைசன்ஸ் எடுக்கிற வயது இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் ஊருக்கு வருடத்தில் இரண்டு தரம் வரும். டாங்கியில் பிள்ளை தினமும் காலை ஏழேகாலுக்குப் பாடசாலை வாசலில் வந்து இறங்குகிறது. வாப்பாவுக்கு ஹெல்மட், உம்மாவுக்கு ஹெல்மட், நடுவில் இருக்கிற பிள்ளைக்கு வெறும் தொப்பி. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், அதிபர் அனுமதித்தால் வாசலில் நின்று பேசவும் வேண்டும். ஐந்து வயதில் இருந்து இருபத்தொன்பது வயது வரையுள்ளவர்களின் இறப்புக்கு உலகத்தில் முதல் காரணம் வீதி விபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நோய் எதுவும் இல்லை, வீதி.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயம். ஓட்டியவர்கள் போட்டிக்காரர்கள். ஓடியது பந்தயத்துக்கென்றே அமைத்த பாதை. ஒரு கார் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒன்று எட்டு வயதுப் பெண்பிள்ளை. அந்தப் பிள்ளை காரில் கூட ஏறவில்லை. கார் பார்க்கப் போனது. நம் வயல் ரோட்டில் வாடகைக் காரை ஓட்டுகிற தம்பிமார் தங்களை அந்தப் போட்டிக்காரர்களை விடக் கெட்டிக்காரர் என்று நினைத்தால் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியானால் பிள்ளைக்கு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. அந்தச் சந்தோசத்தை நான் கண்ணால் பார்த்தேன். காரைக் கண்டு வாயடைத்து நின்ற அந்த முகத்தை எடுத்துவிட்டு வேறெதைக் கொடுப்பது? என் கருத்து இதுதான், ஒத்துக்கொள்ளாதவர்கள் கொமன்டில் வாருங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு வேகம் தேவையில்லை. வேகம் நமக்குத்தான் தேவை, பிள்ளையின் பெயரில் நாம் ஓடுகிறோம். பிள்ளைக்குத் தேவை ஸ்டியரிங்கைப் பிடிப்பது, ஹோர்ன் அடிப்பது, வைப்பர் ஆடுவதைப் பார்ப்பது, லைட்டைப் போட்டு அணைப்பது. காரை முற்றத்தில் நிறுத்தி, கியரைப் பார்க்கிங்கில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நீங்களும் பக்கத்தில் இருந்து, ஒரு மணித்தியாலம் அவனிடம் விட்டுப் பாருங்கள். இறங்க மாட்டான். (தனியாக மட்டும் விட வேண்டாம். எங்கட வெயிலில் பூட்டிய காருக்குள் பிள்ளை இருக்கக் கூடாது, ஐந்து நிமிசமும் கூடாது.)

ஓடத்தான் வேண்டுமென்றால் பின்சீட் உள்ள காரில் பின்னுக்குப் பிள்ளை சீட்டில் கட்டி ஓடுங்கள். இரண்டு சீட் காராக இருந்தால் கூட்டாளி இறங்க வேண்டும். அந்த சீட் பிள்ளைக்கு. அதில் பிள்ளை சீட்டை முன்பக்கம் பார்க்கக் கொழுவி, சீட்டைப் பின்னுக்குப் போகிற மட்டும் தள்ளி, எயார் பேக்கை நிறுத்துகிற சாவித் துளை இருந்தால் நிறுத்தி, உள் வீதியில் 20இல் 30இல் ஒரு சுற்று. கைக்குழந்தையை அந்தக் காரில் ஏற்றவே வேண்டாம். இதெல்லாம் கரைச்சல் என்று நினைத்தால் முற்றமே நல்லது. போனைப் பையில் போடுங்கள். பிள்ளையைப் பார்க்கிறவனுக்குக் கமராவைப் பார்க்க நேரம் இல்லை. உம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் மாமி சிரிப்பதற்கோ மச்சான் சமாதானம் சொல்வதற்கோ இடமில்லை. மாமா தூக்கிக் கொடுப்பதற்கும்.

தங்கச்சியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் தேத்தண்ணீர் தந்தாள். "நீங்க சொன்னாக் கேப்பாங்கண்டுதான் உங்களப் பாத்தன் காக்கா" என்றாள். பெரிய சத்தமாகச் சொல்லியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவள் என்னைப் பார்த்தது எனக்கு ஞாபகம் இல்லை. நான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகன் இப்போது நல்ல சுகம். கேட்காதவர்களிடமும் உதட்டைத் தூக்கிப் பல் இல்லாத இடத்தைக் காட்டுகிறான். ஜன்னல் கட்டையில் கார் வரிசை அப்படியே இருக்கிறது, நடுவில் ஒரு பிளாஸ்டிக் மாடு புதிதாக வந்திருக்கிறது. காரை ஓட்டிக்கொண்டு போய் மாட்டுக்கு முன்னால் நிறுத்தி "கீச்ச்" என்று சத்தம் போடுகிறான். பிறகு மாட்டிடம் ஏதோ பேசுகிறான். என்னவென்று கேட்டால் சொல்ல மாட்டான்.

போன கிழமை துபாயில் இருந்து கார்கோ வந்தது. பால்மா, அத்தர், போர்வை, டோர்ச் லைட் எல்லாவற்றுக்கும் அடியில் பொலித்தீன் சுற்றி ஒரு பிள்ளை சீட். 9 கிலோவில் இருந்து 36 கிலோ வரை என்று எழுதியிருக்கிறது. மச்சானிடம் சொந்தமாகக் கார் கிடையாது, அது இப்போது ஹோலில் இருக்கிறது, மருமகன் அதில் ஏறிக் கொழுக்கியைப் போட்டுக்கொண்டு டீவி பார்க்கிறான். தங்கச்சி சொல்லச் சொன்னாள்: பெருநாளைக்கு வேனோ காரோ எடுத்துக்கொண்டு பாசிக்குடாவுக்கோ நுவரெலியாவுக்கோ போகிறவர்கள் யாருக்காவது தேவையென்றால் வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம். காசு எதுவும் வேண்டாம், பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டுத் தந்தால் போதும். கொழுவுவது எப்படி என்று தெரியாவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறேன். இரண்டு பேர் ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறார்கள், அதனால் பெருநாளுக்கு முந்தின கிழமையே சொல்லிவிடுங்கள்.